கிளாக்குமாஞ்சேரியில் அம்மா

என் தங்கச்சி ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அவள் இருக்கும் கவுண்டியின் பெயர் கிளாக்மனன்ஷயர். அந்த நாட்டிலேயே மிகச் சின்ன கவுண்டி அதுதானாம். எங்கள் பழவேற்காடு ஏரிக்குள் அதைப் போல இரண்டைப் போட்டாலும் படகு ஓட்ட இடம் மிச்சம் இருக்கும். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. பொன்னேரி பஸ்ஸில் போனால் வழியில் வரும் ஏதோ ஒரு ஸ்டாப்பைச் சொல்வதுபோல ‘கிளாக்குமாஞ்சேரி’ என்றுதான் சொல்வாள்.

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தபோது அம்மா அங்கே போய் ஐந்து மாதம் இருந்தாள். அதற்குமுன் அவள் போன தூரம் திருப்பதி வரைக்கும்தான். ஏரித் தண்ணீரில் மார்பளவு இறங்கி, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் கையைவிட்டுத் தடவித் தடவி இறால் பிடித்தே எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவள். நைனா செத்துப்போன பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காட்டூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர். காலையில் நான் டிபன்பாக்ஸைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது “வரேம்மா” என்பேன், “உம்” என்பாள். சாயந்திரம் திரும்பி வந்தால் “சோறு கீது, போட்டுக்கோ” என்பாள். எங்கள் உரையாடல் பெரும்பாலும் அவ்வளவுதான். அம்மாவின் சுபாவமே அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்காட்லாந்திலிருந்து திரும்பி வந்தவள் வாயே மூடவில்லை.

“அங்க ஒரு கோட்ட கீதுமே. மல மேல ஏறிப் போவணும். ஓரம் பூரா தண்ணி சலசலன்னு ஊத்துது. நானும் அக்காவும் நாலு தபா போனோம்.”

“ஒரு காடு கீது. தர பூரா நீலப்பூ. காலு வைக்கவே கூச்சமா கீது. அக்கா சொல்லிச்சு, அந்தப் பூ மேல மிதிச்சா அடுத்த வருசம் வராதாம்.”

அக்கா, அக்கா, அக்கா. நான் முதலில் குழம்பினேன். அக்கா என்றால் எங்கள் வீட்டில் நான்தான். அப்புறம் தங்கச்சி போனில் சொன்னாள். பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருக்கிறாராம். கணவர் இல்லை, ஒரே மகள் நியூசிலாந்தில். தங்கச்சி டியூட்டிக்குப் போய், மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நாட்களில், அந்தப் பெண்மணிதான் வந்து அம்மாவை நடக்கக் கூட்டிக்கொண்டு போவாராம்.

“ரெண்டு பேருக்கும் பாஷையே கெடையாது அக்கா. ஆனா மணிக்கணக்குல பேசறாங்க” என்று சிரித்தாள் தங்கச்சி.

நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகு எதற்கோ எரிச்சலாக இருந்தது. தங்கச்சி வெளிநாடு போனதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் வயிறு எரிந்ததில்லை. ஆளைக்கூடப் பார்த்திராத ஒரு கிழவியைப் பற்றிக் கேட்டால் எரிகிறதே என்று எனக்கே வியப்பாக இருந்தது.

மறுவருடம் மே மாத விடுமுறையில் தங்கச்சி எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்தாள். மூன்று வாரம். விமானத்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தாள். பேத்தியைப் பார்க்கிற அவசரம் என்று நினைத்தேன்.

தங்கச்சி வீட்டு வாசலில் கார் நின்றதும், பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஒரு ஒல்லியான உருவம் வந்தது. வெள்ளை வெளேரென்று ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலைமுடி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு ஊன்றுகோல்.

“அம்மா!” என்று கூப்பிட்டார்.

தங்கச்சி அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் எங்கள் அம்மாவின் பெயர் என்று நினைத்துக்கொண்டாராம். அது பெயர் இல்லை என்று பிறகு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. அம்மா காரிலிருந்து இறங்கி நேரே போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பது கிடையாது. நைனா போனபோதுகூட அம்மா தனியாகச் சுவரில் சாய்ந்துதான் அழுதாள். நான் இரண்டு கையிலும் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாளே நடக்கப் போனோம். அம்மா புடவைக்குள் தங்கச்சியின் கம்பளிக் காற்சட்டை போட்டுக்கொண்டு, மேலே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, பூட்ஸ் காலோடு தயாராக நின்றாள். அவளுக்கென்று அந்தப் பூட்ஸை அந்த அக்கா போன வருடமே வாங்கித் தன் வீட்டுக் கதவுப் பக்கத்தில் வைத்திருந்தார்.

ஊருக்குப் பின்னால் ஓச்சில் மலைகள் பச்சைச் சுவர் மாதிரி நிற்கின்றன. அவற்றின் அடிவாரத்தில் அந்த நீலப்பூக் காடு. அம்மா சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. மரங்களுக்குக் கீழே நீலம் அப்படியே தேங்கிக் கிடந்தது. அம்மாவும் அந்த அக்காவும் முன்னால் போனார்கள். ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்கலாம். நான் மூன்றாவது ஆள்.

“பாத்து வாக்கா, வேரு கீது, தடுக்கும்” என்று அம்மா தமிழில் சொன்னாள். அவர் குனிந்து பார்த்து வேரைத் தாண்டினார். அப்புறம் அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பதினெட்டு வருடமாக இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். ஆனால் அவர் பேசியது தொண்டையில் கூழாங்கல்லை உருட்டுவது மாதிரி இருந்தது.

“என்னவாம்?” என்று அம்மாவிடம் கேட்க வேண்டியதாயிற்று.

“அந்தப் பக்கத்துப் பண்ணக்காரரு ஆட்டையெல்லாம் வித்துட்டாராம். போன வருசம் நாங்க வரசொல்ல வேலி ஓரத்துல நின்னு பாக்கும். அதான் இப்ப காணோம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவதான இப்ப சொன்னா.”

காட்டைத் தாண்டி ஒரு மர கேட். அதன் பக்கத்தில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்ததும் அம்மா கேட்காமலே கையை நீட்டினாள். அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் களிம்புக் குழாயை எடுத்து, அம்மாவின் விரல்களில் ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தார். கெளுத்தி முள்ளும் நண்டுக் கொடுக்கும் கிழித்து, உப்புத் தண்ணீரில் ஊறி, காய்த்துப்போன விரல்கள். அம்மா பாட்டுக்கு எதையோ பேசிக்கொண்டே இருந்தாள், தினமும் நடக்கிற விஷயம் மாதிரி. நாற்பத்தொரு வயதில், அந்தக் கைகளை நான் ஒருமுறைகூடப் பிடித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு என்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ அந்தக் களிம்புக் குழாயின் மேல்தான்.

ஒரு வாரம் இப்படியே போனது. காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் அம்மாவின் முகம் மலரும். நான் கூடவே போவேன். போகாமல் இருந்தால் என்ன பேசுகிறார்களோ என்று இருக்கும். போனால் பின்னாலேயே நடக்க வேண்டியிருக்கும். அவர் பேச்சும் மெதுவாக எனக்குப் புரிய ஆரம்பித்தது.

அப்புறம் ஒருநாள் கோட்டைக்குப் போனோம். ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் மரப்பலகை நடைபாதை ஏறிப் போகிறது. இரண்டு பக்கமும் பாசி, பெரணி, வழிந்துகொண்டே இருக்கும் பாறை. உச்சியில் இரண்டு ஓடைகளுக்கு நடுவே கோட்டை. எனக்கு மூச்சு வாங்கியது. அம்மாவுக்கு வாங்கவே இல்லை. இடுப்பளவு சேற்றில் நாள் முழுக்க நடந்த கால்களுக்கு இந்தப் படிகள் ஒன்றுமே இல்லை.

மேலே நின்று அந்த அக்கா இரண்டு ஓடைகளையும் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, “இதை மட்டும் நீ அவளுக்குச் சொல்லு, இதை என்னால் கையைக் காட்டிச் சொல்ல முடியாது” என்றார். அங்கே முதன்முறையாக எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

“இந்த ஓடைக்குப் பேரு துக்கமாம். அந்த ஓடைக்குப் பேரு கவலையாம்” என்றேன்.

“ரெண்டும் ஓடற எடத்துல எவன்டி ஊடு கட்டுவான்?” என்றாள் அம்மா.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்கும் முன்பே அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்த சிரிப்பில் வேறு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோட்டைக்குக் கீழே படிப்படியாக இறங்கும் தோட்டம். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் வெகுநேரம் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்காக வார்த்தைகளை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“அம்மா ஊருக்குப் போன பிறகு நான் நடப்பதையே விட்டுவிட்டேன். குளிர்காலம் முழுக்க கேட்டைத் தாண்டவில்லை. உன் தங்கை வீடு சின்னது, எனக்குத் தெரியும். என் வீட்டில் என் மகளின் அறை சும்மா கிடக்கிறது. நீ திரும்பிப் போகும்போது அம்மா இந்தக் கோடை மட்டும் என்னோடு இருக்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறாயா?”

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “இன்னாவாம்?”

“குளிர் காலத்துல ஒரே மழையாம். வெளியவே போகலையாம். நாம ஊருக்குப் போறதுக்குள்ள ஒருநாள் டீ குடிக்க வரணுமாம்” என்றேன்.

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “டீ குடிக்கக் கூப்புடறதுக்கா கண்ணு கலங்குது?”

“காத்தும்மா” என்றேன்.

“வரேன்னு சொல்லு. கூப்ட்டா போவாம இருப்பனா?”

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். என் பள்ளிக்கூட இங்கிலீஷில், வகுப்பில் சொல்கிற மாதிரி அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன்: “ஊரில் வேலை இருக்கிறதாம். தங்க முடியாதாம். அம்மாவுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.”

அவர் மெல்லத் தலையாட்டினார். “சரிதான், சரிதான்” என்றார். அம்மாவின் முழங்கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். இறங்கும்போது அவர் முன்னால் தனியாகப் போனார். அம்மா பின்னாலிருந்து இரண்டு முறை “அக்கா” என்று கூப்பிட்டாள். ஓடைச் சத்தத்தில் கேட்டிருக்காது.

மறுநாள் கதவு தட்டப்படவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அம்மா பூட்ஸ் காலோடு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். முதல் நாள் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்கவா முடியும்? “அவங்களுக்கு வேலை இருக்கும்மா. வா, நாம ரெண்டு பேரும் போலாம்” என்றேன். பஸ் பிடித்துப் பக்கத்து ஊருக்குப் போய், குன்றின் மேல் தனியாக நிற்கும் ஒரு பழைய கல் கோபுரத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது பாதையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான். போன் எடுத்து வரலாறு படித்துச் சொன்னேன். எந்த ராஜா, எந்த நூற்றாண்டு, சுவர் எவ்வளவு தடிமன். அம்மா “உம்” என்றாள். பழவேற்காட்டு வீட்டில் சொல்வாளே, அதே “உம்”.

கோபுரத்தடியில் புல்லில் உட்கார்ந்தோம். கீழே ஆறு வளைந்து வளைந்து போவது தெரிந்தது. அம்மா ஒரு புல்லைப் பிடுங்கிக் கிழித்துக்கொண்டே கேட்டாள்.

“அவ அன்னிக்கு இன்னா சொன்னா? இப்பயாவது சொல்லு.”

“அதான் சொன்னேனேம்மா.”

“நீ சொன்ன. அவ மொகம் அத சொல்லல.”

பொய்யை இழுத்துக்கொண்டு போக முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் கேட்டது, நான் மாற்றிச் சொன்னது, அம்மா சொன்னதாக நான் சொன்னது, எல்லாவற்றையும். அம்மா குரலை உயர்த்தவில்லை.

“ஏன்டி அப்டி சொன்ன?”

“என்கூட ஒருநாளாவது இப்படி நடந்திருக்கியாம்மா? இப்படிப் பேசியிருக்கியா? சிரிச்சிருக்கியா? நாற்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். ஐஞ்சு மாசப் பழக்கம், அவங்களுக்கு எல்லாம் குடுத்துட்ட.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா கிழித்த புல்லைக் கீழே போட்டாள்.

“ஒனக்கு வேல கெடச்ச மொத வருசம்” என்றாள். “நா ஏரிலேந்து எறாலோட கர ஏறினேன். தல பூரா சேறு. நீ ரெண்டு டீச்சருங்களோட பஸ்ஸுக்கு நின்னுனு இருந்த. என்னப் பாத்துட்ட. பாத்துட்டு மொகத்தத் திருப்பினு கட பக்கம் போய்ட்ட. நா கூப்ட வாயத் தொறந்தவ மூடிக்கினேன்.”

அது நடந்தது உண்மை. அன்றைக்கு நான் சோடா வாங்குவதுபோலப் பெட்டிக்கடையில் நின்றேன். அம்மா பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டே பதினெட்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

“தப்பு சொல்லலடி. வயசு அப்டி. அப்பால பேசறதுக்கு எனுக்குத்தான் கூச்சமாப் பூட்ச்சு. நீ படிச்ச டீச்சரு, ஒன்னாண்ட நா இன்னா பேசறதுன்னு. அவளாண்ட அந்தக் கூச்சம் இல்ல. நா எங்கேந்து வந்தேன்னு அவளுக்கு இன்னா தெரியும்?”

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். “வா. போய் அவளாண்ட சொல்லு. நா கூட நிக்க மாட்டேன். நீதான் சொல்லணும்.”

அன்று மாலை நான் தனியாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். நான் உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றே சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஓடிப்போய்விட்டது. காலமும் வினையும் முட்டிக்கொண்டு, என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி பேசினேன். அம்மா முடியாது என்று சொல்லவில்லை. அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. எனக்குப் பொறாமை. உங்கள் மேல்.

அவர் ஊன்றுகோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அன்றைக்கு உன் இங்கிலீஷ் மிகத் தெளிவாக இருந்தது” என்றார். “அதுதான் வலித்தது.”

மன்னித்ததாகச் சொல்லவில்லை. உள்ளே போய் அம்மாவின் மழைக்குல்லாயை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கோட்டைக்குப் போன அன்று அம்மா அதை அவரிடம் கொடுத்துவைத்திருந்தாள். “நாளைக்குக் காலை ஒன்பது மணி என்று அவளிடம் சொல். சரியாகச் சொல்” என்றார்.

சரியாகவே சொன்னேன்.

அம்மா தங்கினாள். தங்கச்சிக்கு முதலில் தயக்கம்தான். அடுத்த வீடுதானே என்று ஒப்புக்கொண்டாள். நான் மட்டும் ஜூன் மாதம் பழவேற்காட்டுக்குத் திரும்பினேன். விமான நிலையத்துக்கு அம்மா வரவில்லை. அன்றைக்கு யாரோ ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தை ஊராருக்குத் திறந்துவிடுகிற நாளாம், வருடத்தில் ஒருமுறைதானாம். “போய்ட்டு போன் பண்ணு” என்று கேட்டிலேயே கையாட்டிவிட்டாள். பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் கார் திரும்பும்போது பின்கண்ணாடியில் பார்த்தேன். இருவரும் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டில் நான் ஒருத்தி. திருப்பாலைவனம் தாண்டி வரும் காலை பஸ், பள்ளிக்கூடம், மறுபடி பஸ். தினமும் தங்கச்சி படம் அனுப்புவாள். சுவர் கட்டிய தோட்டத்தில் பட்டாணி பறிக்கும் அம்மா. மலையுச்சியில் காற்றில் முந்தானை பறக்க நிற்கும் அம்மா. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். அவள் முகத்துக்காக மட்டும் இல்லை. பக்கத்தில் நிற்கும் அந்த அக்காவின் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை போன் வந்தது. அம்மாவாக இருக்கும் என்று எடுத்தேன். அவர். தனக்குத் தமிழ் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். தங்கச்சிக்கு நேரமில்லை, நான்தானே டீச்சர்.

ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்ய? சனிக்கிழமை தோறும் பாடம் நடந்தது. அம்மா அடிக்கடி சொல்லும் வார்த்தைகளைத் தாளில் கேட்டபடி எழுதிவைத்திருப்பார். “இன்னா”, “அப்பால”, “பாத்து வா”. ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒருநாள், “நடக்கும்போது உன்னைப் பற்றிப் பேசினால் அம்மா ஒரு வார்த்தை சொல்கிறாள், அது என்ன?” என்று கேட்டார். அவர் சொன்னதைப் பிடிக்க எனக்கு மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. ரோசக்காரி. அதற்கு இங்கிலீஷில் நேரான வார்த்தை கிடையாது. சுலபமாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கால் மணி நேரம் உதாரணமெல்லாம் சொல்லி விளக்கினேன். கடைசியில் அவர், “ஓ, எங்கள் ஊர்க்காரி மாதிரி” என்றார்.

ஆகஸ்டு கடைசியில் அம்மா வந்துவிட்டாள். இப்போதும் சனிக்கிழமைகளில் அவர் கூப்பிடுகிறார், அம்மாவைத்தான். என் பாடம் முடிந்துபோயிற்று. போன வாரம் நான் சமையற்கட்டில் நண்டு கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பக்கமும் அதே சிரிப்பு. பழைய எரிச்சல் எழுந்து வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“இன்னாம்மா அப்டி சிரிப்பு?”

“சொன்னா ஒனக்குப் புரியாதுமே” என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி.

“புரியலன்னா சொல்லிக்குடு” என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா போனைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.